பெண் கேட்டு வந்தவர் மாப்பிள்ளை வீட்டார் அல்ல

என் மகள் பசிபிக் கடலின் வடமூலையில், கனடாவின் கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவுக்கூட்டத்தில் எலி பிடிக்கிறாள். அவள் இதை வேறு விதமாகச் சொல்வாள். தரைக்குள் வளைகளில் முட்டையிடும் சின்னக் கடற்பறவை ஒன்று அங்கே உண்டாம். கப்பல்களோடு வந்திறங்கிய எலிகள் அந்த முட்டைகளைத் தின்று தீர்க்கின்றனவாம். ஒவ்வொரு தீவாக எலியிடமிருந்து மீட்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியாம். முனைவர் பட்டம் வாங்கியவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். என் மனைவி மட்டும், "எலி பிடிக்க அத்தனை தூரம் போகணுமா? நம்மாத்துப் பரண்லயே வேண்டியது இருக்கே" என்று முதல் நாள் கேட்டதை இன்று வரை திரும்பப் பெறவில்லை.

தீவுகளின் பெயர் ஹைடா குவாய். ஹைடா மக்களின் தீவுகள் என்று பொருள். இடையில் நெடுங்காலம் அவற்றுக்கு ஓர் ஆங்கிலேய ராணியின் பெயர் இருந்தது. சில வருடங்களுக்கு முன் அந்தப் பெயரை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, விழா எடுத்து, அரசாங்கத்திடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரை ட்ரிச்சினாபொலி என்று எழுதிவிட்டுப் போனவர்களிடம் நாங்கள் பெட்டி எதுவும் கொடுக்கவில்லை. அதைத் திருச்சி என்று சுருக்கி நாங்களே வைத்துக்கொண்டோம்.

அங்கே ஆராய்ச்சியாளர்களைத் தீவுக்குத் தீவு படகில் கொண்டுபோய் விடுகிற ஹைடா இளைஞர் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ளப் போவதாக மகள் தொலைபேசியில் சொன்னாள். அதற்கு நாங்கள் ஓரளவு தயாராகத்தான் இருந்தோம். அவளுடைய புகைப்படங்கள் எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு படகும் அதன் ஓரத்தில் ஒரு முழங்கையும் வெகுநாளாக வந்துகொண்டிருந்தன. தயாராக இல்லாதது அடுத்த வாக்கியத்துக்குத்தான்.

"ஆனா அப்பா, கல்யாணத்துக்கு முன்னாடி என்னை ஒரு குலத்துல சேத்துக்கணும்."

"எந்தக் குலத்துல?"

"கழுகு."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவள் விளக்கினாள். ஹைடா மக்கள் அனைவரும் இரண்டு பாதி. ஒன்று அண்டங்காக்கை, மற்றொன்று கழுகு. காக்கை வீட்டார் கழுகு வீட்டில்தான் மணம் செய்துகொள்ள வேண்டும், கழுகு வீட்டார் காக்கை வீட்டில். பிறக்கும் குழந்தைகள் அம்மாவின் பக்கம். மாப்பிள்ளை காக்கை. ஆகவே மணப்பெண் கழுகாக இருந்தாக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள் இரண்டிலும் சேர்த்தி இல்லை. இப்படியே மணம் செய்துகொண்டால் குழந்தைகளுக்கு எந்தப் பக்கமும் இருக்காது. விருந்தில் எந்த வரிசையில் உட்காருவது என்று தெரியாது, அவர்களுக்காக எழுந்து பேச ஆள் இருக்காது. அப்படி ஒரு குழந்தையை அவள் பெற்றுக்கொள்ள மாட்டாளாம். கழுகுப் பக்கத்தில் ஒரு குலத்தார் அவளைத் தத்து எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி இதையெல்லாம் ஒரே வாயில் விழுங்கிவிட்டாள்.

"ஏன்னா, ஒரே கோத்ரத்துல பண்ணிக்கக் கூடாதுங்கறா. அவ்வளவுதானே? நம்மளைவிட ஆச்சாரமான்னா இருக்கா! கழுகுன்னா நம்ம கருடாழ்வார். மாப்பிள்ளைதான் காக்கா. அதனால என்ன, தினம் சாதம் வெக்கறோமே."

எனக்கு உறுத்தியது தத்து என்ற சொல். நான் சார் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தத்து ஆவணங்களை என் கையால் பதிவு செய்திருக்கிறேன். தத்துப் போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டோடு இருந்த கட்டெல்லாம் அன்றோடு அறுந்தது என்றுதான் சட்டம் சொல்கிறது. எங்களுக்கு இருப்பது ஒரே பெண்.

"ஆத்துல சரின்னு சொன்னாத்தான் இது நடக்கும்" என்றாள் மகள். "அந்தக் குலத்து மூத்த அம்மா நேர்ல வந்து கேப்பா. முடியாதுன்னா எழுந்து போயிடுவா. அதுக்கப்புறம் கல்யாணமும் இல்லை."

"இமெயில்ல கேக்கக் கூடாதாமா?"

"மனுஷாளை யாராவது இமெயில்ல கேப்பாளா, அப்பா?"

ஆக, அனுமதி வழங்கும் அதிகாரி நான். ஓய்வுக்குப் பிறகு முதல் முறையாக ஒரு கோப்பு என்னிடம் வருகிறது. நான் சும்மா இருப்பேனா? சட்டத்தை எடுத்துப் படித்தேன். பதினைந்து வயது நிரம்பியவரைத் தத்துக் கொடுக்க முடியாது. ஆஹா, இதோடு முடிந்தது என்று நினைத்தபோது அடுத்த வரியில் "சம்பந்தப்பட்டவர்களிடையே அவ்வாறான வழக்கம் இருந்தாலன்றி" என்று ஒரு வால். வழக்கம்தான் அவர்களிடம் கொட்டிக் கிடக்கிறதே. தாயின் சம்மதம் வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தேன் என்று சொல்ல முடியாது. கண் அதன்மேல் போய்வந்தது, அவ்வளவுதான். என் பணிக்காலத்தில் அந்தச் சம்மதம் எப்போதும் ஒரு கட்டைவிரல் ரேகையாகத்தான் வந்திருக்கிறது.

பங்குனி வெயிலில் அந்த அம்மாள் திருச்சி வந்து இறங்கினார். மகள் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டாள். மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அவரைத் தங்க வைத்திருந்தோம். காலை பத்து மணிக்கு அவர் ஆட்டோ பிடித்துத் தானே வந்துவிடுவார் என்று ஏற்பாடு. அவருக்குக் கொடுக்க வேண்டிய புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த பாலக்கரை தையல்காரரிடம் மகள் போயிருந்தாள். ரவிக்கைக்குப் பித்தான் இன்னும் வைக்கவில்லை என்று தையல்காரர் அவளை உட்கார வைத்துவிட்டார்.

நான் சலவை வேட்டியோடு கூடத்தில் அமர்ந்திருந்தேன். ஆட்டோ வந்து நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நரைத்த முடியும் அகலமான தோள்களுமாக ஒரு பெண்மணி இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்றார். பெல் அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். வந்தவர் தன் வருகையைத் தெரிவிக்க வேண்டும், அதன் பிறகு இருப்பவர் எழுந்து போக வேண்டும். அதுதானே முறை? அவர் அடிக்கவில்லை. நானும் எழவில்லை. வெயில் ஏறியது.

மாடியில் குடியிருப்பவர் இறங்கி வந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவர், கத்தோலிக்கர். தண்ணீர் மோட்டார் விஷயமாக எனக்கும் அவருக்கும் ஒரு நீண்ட கடிதப் போக்குவரத்து உண்டு. ஒரே வீட்டுக்குள்தான்.

"சார், கேட்டுக்கிட்ட ஒரு அம்மா ரொம்ப நேரமா நிக்கிறாங்க. பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பெல் அடிக்கட்டும்."

"பெல்லைத் திரும்பியே பார்க்க மாட்டேங்கிறாங்க சார். வீட்டைப் பார்த்துக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க. கையில கறுப்பு சிவப்புல ஒரு போர்வை வேற வச்சிருக்காங்க. எலெக்‌ஷன் எதுவும் வருதா?"

எனக்குச் சந்தேகம் தட்டியது. மகளுக்கு போன் செய்தேன்.

"ஐயோ அப்பா! நீதான் போய்க் கூப்பிடணும்! அங்கெல்லாம் படகுல வரவா கரைக்கு வெளியிலயே நின்னு, யாருன்னு சொல்லி, இறங்கலாமான்னு கேப்பா. கரையில இருக்கறவா வாங்கோன்னு சொன்னாத்தான் கால் வெப்பா. பழைய கிராமம் இருந்த இடத்துக்குப் போனா இன்னிக்கும் ரேடியோல கேட்டுட்டுத்தான் ஏறணும். நானே கேட்டுட்டுத்தான் போறேன்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நம்மாத்துக்கு வரவா யாரும் வாசல்ல நின்னதே இல்லையே அப்பா, தோணவே இல்லை."

ஓடினேன். இந்த வயதில் என்னால் முடிந்த ஓட்டம் அது. கேட்டுக்கு அப்பால் அந்த அம்மாள் முகம் சிவந்து, வியர்வையில் குளித்து, ஆனால் ஒரு அங்குலம்கூட அசையாமல் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த கம்பளிப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். கறுப்புத் துணியில் சிவப்பாக ஒரு கழுகு, அதன் ஓரம் முழுக்க வெள்ளைச் சட்டைப் பித்தான்கள். நூற்றுச் சொச்சம் டிகிரியில் கம்பளி. பிறகு தன் மொழியில் நிறுத்தி நிதானமாகப் பேசினார். அதையே ஆங்கிலத்தில் மீண்டும் சொன்னார். நான் இன்ன குலம், என் தாய் இன்னார், அவள் தாய் இன்னார், இன்ன கிராமத்திலிருந்து, இன்ன கடல் கடந்து வருகிறேன். அமைதியாக வந்திருக்கிறேன். உங்கள் கரையில் இறங்க அனுமதி கேட்கிறேன்.

இதற்கு "ஹலோ, கம் இன்" என்று எப்படிப் பதில் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே சரியான பதில் உபநயனத்தன்று கற்றுக்கொடுத்தது. இரண்டு காதுகளையும் கையால் பொத்திக்கொண்டு, பெரியவர்களிடம் நான் இன்னார் என்று சொல்லி வணங்கும் அபிவாதயே மந்திரத்தைச் சொன்னேன். ரிஷிகள், கோத்திரம், சூத்திரம், வேதம், கடைசியில் என் பெயர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் நாங்களும் தீவுக்காரர்கள்தான் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன். முழங்கால் மடங்காததால் விழுந்து சேவிப்பது மட்டும் விடுபட்டது.

அந்த அம்மாள் கண் இமைக்காமல் கேட்டார். முடித்ததும் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார். பின்னால் மாடி வீட்டுக்காரர், "சார் எதுக்குக் காதைப் பிடிச்சுக்கிறாரு? லேட்டா வந்ததுக்கா?" என்று தன் மனைவியிடம் கேட்டது காதில் விழுந்தது. என் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"பொம்மனாட்டிக்கு யாராவது அபிவாதயே சொல்வாளோ? உள்ள வாங்கோ, வாங்கோ. பாவம், வெந்து போயிருக்கா."

மோர் இரண்டு டம்ளர் உள்ளே போன பிறகு அந்த அம்மாளின் முகம் பழைய நிறத்துக்கு வந்தது. மகளும் பித்தான் வைத்த ரவிக்கையோடு வந்து சேர்ந்தாள். அந்த அம்மாள் பேசியதெல்லாம் ஆங்கிலம், நான் இங்கே தமிழில் தருகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த என் மனைவிக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். பேசத்தான் தமிழ் வேண்டும், அதை மகள் மொழிபெயர்ப்பாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். தத்து என்றால் என்ன, யார் கொடுக்கலாம், யார் எடுக்கலாம், வயது வரம்பு, விதிவிலக்கு, கனடாவில் செய்வது இங்கே செல்லுமா, இங்கே செய்வது அங்கே செல்லுமா. முக்கியமாக, பிறந்த வீட்டுக் கட்டு அறுந்து போவது. "ஒரே மனிதர் இரண்டு குடும்பத்துக்குச் சொந்தமாக முடியாது. ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா இருக்க முடியாததைப் போல" என்று முடித்தேன். நன்றாக அமைந்த வாக்கியம் என்று எனக்கே தோன்றியது.

அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"எங்களிடம் இருக்கிறது" என்றார்.

"எது?"

"ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா."

தீவுகளின் தெற்குப் பகுதியில் ஆயிரம் வருடத்து மரங்களை வெட்டக் கம்பெனிக்காரர்கள் வந்தபோது, ஹைடா முதியவர்கள் பித்தான் வைத்த போர்வைகளைப் போர்த்திக்கொண்டு லாரி போகும் பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்து பிடித்துப் போனது. அவர்களில் இந்த அம்மாளின் பெரியம்மாவும் ஒருத்தி. பிறகு வெட்டுவது நின்றது. அந்தக் காட்டைச் சேர்ந்து பாதுகாப்பது என்று ஹைடாக்களும் அரசாங்கமும் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் ஒரு பக்கத்தில், இந்த நிலம் எங்களுடையது என்று ஹைடாக்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு நேர் எதிரே இன்னொரு பத்தியில், இது எங்களுடையது என்று அரசாங்கம் எழுதியிருக்கிறது. இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்து கரடியையும் பறவையையும் கவனிப்பது எப்படி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படி ஒரு ஆவணம் என் மேஜைக்கு வந்திருந்தால் கொண்டுவந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்திருப்பேன்.

"அது எப்படிச் செல்லும்?"

"செல்கிறதே" என்றார். "சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டீர்களா?"

"முடித்துவிட்டேன்."

"நன்றாகப் பேசினீர்கள். பெண்ணின் அப்பா பேசுவதைக் கேட்பது மரியாதை." நாற்காலியை லேசாகத் திருப்பிக்கொண்டார். "இனி நான் பெண்ணின் அம்மாவிடம் கேட்கலாமா?"

மகள் தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது! குழந்தை அம்மாவின் பக்கம் என்று அவள்தான் அன்று தொலைபேசியில் சொன்னாள், நானும்தான் கேட்டேன். அம்மாவின் பக்கம் என்றால் அம்மாவிடம்தான் கேட்பார்கள் என்பது ஒரு குழந்தைக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. அனுமதி அதிகாரியின் அலுவலகம் கூடத்தில் அல்ல, அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தது.

என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் பேசாமல் இருந்தால் எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கும். அன்று கேட்டது. அத்தனை நாள் காக்கா, கருடன் என்று சிரித்துக்கொண்டிருந்தவள், யோசிக்காமல் சிரித்துக்கொண்டிருக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"இவ அங்க ஜுரமாப் படுத்துண்டா, யார் பக்கத்துல இருப்பா?"

"நான். எனக்கு முடியாவிட்டால் என் மகள்கள்."

"இவ சாப்பாடு?"

"மீன் கொடுக்க மாட்டோம். அவள் கத்தரிக்காயைப் பற்றிப் பேசுவதைப் பல வருடமாகக் கேட்கிறோம்."

"தப்புப் பண்ணினா?"

"திட்டுவேன்."

"எப்படித் திட்டுவேள்? சொல்லுங்கோ, கேப்போம்."

அந்த அம்மாள் மகள் பக்கம் திரும்பித் தன் மொழியில் ஒரே ஒரு வரி சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. சாய்ந்து உட்கார்ந்திருந்த மகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அர்த்தம் வேண்டாம்" என்றாள் என் மனைவி. "தொனி நன்னா இருக்கு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள். "இனிமே இவளுக்கு அம்மா யாரு?"

அந்த அம்மாள் உடனே பதில் சொன்னார். "அம்மா இருக்கிற பெண்ணுக்கு நான் எப்படி அம்மாவாக முடியும்? உங்களுக்கு அக்காவாகத்தான் ஆக முடியும்."

பிறகு, தான் ஏன் கேட்டு வந்தார் என்பதையும் சொன்னார். ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்த பெரியம்மை, தீவுகளில் கிராமம் கிராமமாக ஆட்களை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் இரண்டே ஊர்களில் ஒண்டினார்கள். விருந்து வைத்துப் பெயர் சூட்டும் வழக்கத்தையே குற்றம் என்று அரசாங்கம் வெகுகாலம் தடுத்து வைத்தது. குலத்துப் பெயர்கள் ஆள் இல்லாமல் காத்திருக்கின்றன. லாரிப் பாதையில் உட்கார்ந்த பெரியம்மாவின் பெயர் அப்படிக் காத்திருக்கும் ஒன்று. அதை எங்கள் மகளுக்குக் கொடுக்க விரும்புகிறார்கள்.

"போலீஸ் பிடிச்சுண்டு போன பெரியம்மாவா?"

"அவர்தான்."

"பொருத்தமான பேர்தான். இவளும் சொன்னா எழுந்திருக்க மாட்டா." என் மனைவியின் குரல் கொஞ்சம் பிசிறியது. அவள் நான்கு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவள், அக்கா தங்கை கிடையாது. "அப்போ இவளுக்கு நீங்க பெரியம்மா. இவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு இவர் பட்டா, வில்லங்கம்னு மூச்சு வாங்கினார்?"

யாரும் எனக்காகப் பரிந்து பேசவில்லை.

"சரி, எடுத்துக்கோங்கோ. ஆனா பிரசவத்துக்கு நான்தான் வருவேன். அதுல பங்கு கிடையாது."

"பங்கு கேட்க மாட்டேன். வெந்நீர் போட்டுத் தருகிறேன்" என்றார் அவர்.

மகள் எழுந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என் கண்ணாடி அந்த நேரத்தில் சரியாக இல்லை.

சாட்சிகள் வேண்டும் என்றார் அந்த அம்மாள். மாடி வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வரவழைக்கப்பட்டார்கள். நான் பேனாவைத் தேடினேன். எழுத்து எதுவும் இல்லையாம். நடந்ததைப் பார்த்தவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், யாராவது மறுத்துப் பேசினால் எழுந்து சொல்ல வேண்டும். அதற்காகச் சாட்சிகளுக்குப் பரிசு கொடுப்பது அவர்கள் வழக்கம். பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு பெரிய பூத்துண்டு கொடுத்தார். என் மனைவி தன் பங்குக்கு வெற்றிலை பாக்கோடு எவர்சில்வர் டப்பாக்களைக் கொண்டுவந்தாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

"அப்போ நீங்களும் சாட்சிதானா சார்?" என்றார் மாடி வீட்டுக்காரர், உண்மையான மகிழ்ச்சியோடு. "நானும் நீங்களும் ஒரே கிரேடு."

சாப்பாட்டுக்கு இலை போடும்போது அந்த அம்மாள் ஏதோ நினைவுக்கு வந்தவராக என்னைப் பார்த்தார். இலையுதிர் காலத்தில் அங்கே நடக்கும் விருந்துக்கு நாங்கள் இருவரும் வர வேண்டும். என் மனைவி தன் தங்கை என்பதால் கழுகு வரிசையில் உட்காருவாள். கழுகின் கணவன் காக்கையாக இருக்க வேண்டும். நான் எதுவுமே இல்லை.

"முறைப்படி பார்த்தால், உங்கள் திருமணத்தில் ஒரு குறை இருக்கிறது" என்றார், சிரிக்காமல்.

"அதைச் சரி செய்ய யாரிடம் மனுப் போட வேண்டும்?"

"மனு கிடையாது. காக்கை வீட்டார் யாராவது தாங்களாகவே கேட்க வேண்டும். அதற்கு அவர்களுக்கு உங்களைப் பிடித்திருக்க வேண்டும்."

என் மனைவி பரிமாறுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். மகளும் சேர்ந்துகொண்டாள். ரசம் ஆறியது.

புரட்டாசியில் புறப்படுகிறோம். மாப்பிள்ளையின் தாய்மாமன் காக்கைப் பக்கத்தில் செல்வாக்குள்ளவர் என்று மகள் சொல்லியிருக்கிறாள். எதையும் திருத்தாமல் பிறர் பேசுவதை முழுதாகக் கேட்கும் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன். தண்ணீர் மோட்டார் விஷயமாக இந்த மாதம் மாடி வீட்டுக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. நேற்று அவர் இறங்கி வந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையே சார் என்று விசாரித்துவிட்டுப் போனார்.